கடலுக்கு அந்தப் பக்கம் பூட்டிய கதவு

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சாவியை உள்ளேயே மறந்துவிட்டுத் தெருவில் திருதிருவென்று விழிக்கும் ஆட்களைப் பார்த்து விதாத் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவளே அப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் அல்ல, ஸ்ஃபாக்ஸ் நகரில் நாலாவது மாடி அலுவலகத்தில், ஒரு வாய்கூடக் குடிக்காத காபிக்கு முன்னால். அவள் பூட்டிய கதவோ கடலுக்கு அந்தப் பக்கம், கெர்க்கென்னா தீவில் இருந்தது.

தீவில் ஒரு சின்ன மருத்துவமனை. எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் கிடையாது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லூத் கப்பல் ஏறி, ஒன்றேகால் மணி நேரம் கடலைக் கடந்து, ஸ்ஃபாக்ஸில் வரிசையில் உட்கார்ந்து, 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ' என்று டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடைசிக் கப்பலைப் பிடிக்க ஓட வேண்டும். காற்று எழுந்துவிட்டால் லூத் ஓடாது. அன்றைக்குக் கை உடைந்தவர் உடைந்த கையோடு காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் சர்வர் எனப்படும் பெரிய கணினி ஒன்று வந்தது. தீவில் எடுக்கும் படம் அதன் வழியாக ஸ்ஃபாக்ஸ் டாக்டரின் திரைக்குப் போய்விடும். அதற்கான மென்பொருளை நிறுவப்போவது தலைநகர் தூனிஸில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பொறியாளர் ஷெஃபீக். அவர் தீவுக்கு வரமாட்டார். தூனிஸில் உட்கார்ந்தபடியே தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து வேலையை முடிப்பார். அவர் நுழைய வழி செய்து வைப்பது, ஸ்ஃபாக்ஸில் கணினி வேலை பார்க்கும் விதாத்தின் பொறுப்பு. சர்வருக்கு நிலையான ஒரு முகவரி கொடுத்து, வெளியுலகம் எந்தப் பக்கம் என்று காட்டி, கடிகாரத்தைச் சரிசெய்து, தொலைவிலிருந்து வருபவரை அடையாளம் கண்டு உள்ளே விடக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மென்பொருள் பக்கமே போகலாம்.

சர்வரை ஒதுக்கிய மேலிடத்தின் கடிதம் ஈவிரக்கம் இல்லாமல் ஒன்றைச் சொல்லியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிலிருந்து கணினி வழியாகக் கூப்பிட்டால் சர்வர் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் தயாராக இல்லை என்று எழுதிவிட்டு, பட்டியலில் அடுத்து நிற்கும் ஊருக்குச் சர்வரைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த வருடம் வந்தவை மொத்தம் மூன்றுதான். நாலாவதாக ஓர் ஊர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை விதாத் தீவுக்குப் போனாள். எக்ஸ்ரே அறையை ஒட்டி, முன்பு பிலிம் கழுவப் பயன்பட்ட இருட்டறையில் சர்வரை வைத்தார்கள். புதன்கிழமை மதியம், காற்று வருகிறது என்று துறைமுகத்தில் பேச்சு அடிபட்டதும் அவசரமாகக் கப்பலேறி ஊர் திரும்பினாள். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். சர்வர் சமர்த்தாகப் பதில் சொன்னது. பதினாலு வேலைகள் கொண்ட ஷெஃபீக்கின் பட்டியலில் பதிமூன்று முடிந்திருந்தன. கடைசி வேலையை வியாழன் காலை வைத்துக்கொண்டாள்: தேவையான ஒரு வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் அடைப்பது. ஃபயர்வால் என்பார்களே, அதுதான்.

இந்த வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் நாம் வந்து போகும் கதவைத் திறந்து வைக்க வேண்டும், பிறகுதான் மற்றவற்றை மூட வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. தொலைவில் இருக்கும் ஓர் இயந்திரத்தின் வழிகளில் கை வைக்கும் முன், 'பத்து நிமிடம் என் குரல் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடு' என்று அதனிடமே சொல்லி வைப்பது. விதாத் இதை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவள். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களைச் செய்யச் சொல்லி மிரட்டுபவள். அன்றைக்கு, ஆயிற்று, இன்னும் இரண்டே இரண்டு கட்டளை வரிகள்தானே என்ற மிதப்பில் அதைச் செய்யவில்லை. வரிசையையும் மாற்றிப் போட்டாள். எல்லாவற்றையும் மூடும் வரியை முதலில் தட்டினாள்.

திரை உறைந்தது. அடித்த எழுத்து நகரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். சர்வர் அவளை யாரென்றே தெரியாதது போல இருந்துவிட்டது.

துறைமுகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவன் கொட்டாவி விட்டபடி, "விடியக்காலையிலேருந்து எதுவும் போகல. காத்து நின்னா போகும். எப்ப நிக்கும்னு காத்துகிட்டதான் கேக்கணும்," என்று வைத்துவிட்டான்.

இனி ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆளைக் கூப்பிட விதாத்துக்கு வெட்கமாக இருந்தது.

ஜலீலாவுக்கு ஐம்பத்தொரு வயது. தீவின் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாகத் தனி ஆளாக இருப்பவர். அந்த அறைக்குள் வந்தவர்களில் 'எலும்பு முறிஞ்சிருக்கா?' என்று அவரைக் கேட்காதவர் கிடையாது. 'டாக்டர் சொல்லுவார்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்கு அனுமதி கிடையாது. முறிந்திருக்கிறதா இல்லையா என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அழுகிற பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவார். இந்தச் சர்வர் வேண்டும் என்று இரண்டு வருடமாக மனு மேல் மனு எழுதியவரும் அவர்தான்.

அந்த அறையில் மூட வேண்டியிருந்த வாய்க்கெல்லாம் சேர்த்து வெளியில் பேசித் தீர்த்துவிடுவார் போலிருக்கிறது. விதாத் தீவில் இருந்த இரண்டு நாளும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இந்த வயர் எதுக்கு? அந்தப் பச்சை விளக்கு ஏன் சிமிட்டுது? நீ ஊருக்குப் போன பிறகு இது உன் பேச்சைக் கேக்குமா, கட்டின புருஷன் மாதிரி மறந்துருமா? சாப்பாட்டு நேரத்திலும் விடவில்லை. பேய்க்கணவாய் போட்ட குஸ்குஸ் ரவைச் சோற்றைத் தட்டில் மலையாகக் குவித்து, அவள் மென்று முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. "நீங்க பயப்படாதீங்கக்கா, நான் எங்க இருந்தாலும் இது என் கைக்குள்ளதான் இருக்கும்," என்று விதாத் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

போனை உடனே எடுத்தார் ஜலீலா. "சொல்லு மகளே. நம்ம மெஷின் என்ன சொல்லுது?"

"அக்கா, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப பெரிய தப்பு இல்ல. விஷயத்தைச் சொல்லு."

விதாத் சொன்னாள். சர்வரின் எல்லா வழியையும் அடைத்துவிட்டதை, தன்னையும் வெளியே வைத்து அடைத்துக்கொண்டதை, யாராவது அதன் முன்னால் போய் நின்று கையால் திறந்தால்தான் உண்டு என்பதை, எதையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் ஜன்னல் கதவைக் காற்று அடிப்பது கேட்டது. இரண்டு வருட மனுக்களும் சேர்ந்து இப்போது வசவாக வரப்போகின்றன என்று விதாத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்து மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார் ஜலீலா.

"ஒன்றரை மணி நேரம்."

"அப்ப ஏன் பேசிட்டு நிக்கிறே? நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு."

ஏன் செய்தாய், எப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. திட்டு வாங்கியிருந்தால்கூட விதாத் தாங்கியிருப்பாள். அந்த நிமிடமே அவருக்கு ஆயிரம் நன்றி சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரம் இல்லை.

"இருட்டறைக்குப் போங்கக்கா."

"அங்கதான் நிக்கிறேன். அணைச்சுப் போட்டா சரியாயிடாதா? எங்க தீவுல எல்லாத்துக்கும் அதுதான் வைத்தியம்."

"ஆகாதுக்கா. அணைச்சுப் போட்டாலும் பூட்டு அப்படியே இருக்கிற மாதிரி நானே செஞ்சு வச்சிருக்கேன்."

"அதானே. நீ எதையும் அரைகுறையா செய்ய மாட்டியே."

சர்வருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. செவ்வாய்க்கிழமை வரவேற்பு மேசையிலிருந்து திரையை இரவல் வாங்கியிருந்தார்கள். கீபோர்டு விதாத் கூடவே கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்த சொந்தக் கீபோர்டு. இப்போது இரண்டையுமே வரவேற்பிலிருந்து பிடுங்கி வர வேண்டியிருந்தது. அங்கே உட்காரும் மொன்ஸஃபின் குரல் தூரத்தில் எழும்பியது.

"அதைத் தூக்கிட்டுப் போனா வர்றவங்க பேரை நான் எதுல பதியறது?"

"நோட்டுல எழுது. பேனா பிடிக்க மறந்துட்டியா? பள்ளிக்கூடத்துலயும் உனக்கு அது சரியா வரல, எனக்கு ஞாபகம் இருக்கு."

வயர்களைச் சொருகி, திரை ஒளி பெறுவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. கறுப்புத் திரையில் பெயர் கேட்கிறது என்றார் ஜலீலா. தன் பெயரையே அடிக்கச் சொன்னாள் விதாத். அடித்தார். பிறகு கடவுச்சொல்லைக் கேட்கும் முன்பே, "இது என்ன கூத்து?" என்றார்.

"என்னக்கா?"

"உன் பேரை அடிச்சா வேற யாரோ பேர் வருது. டபிள்யூவை அமுக்கினேன், இசட் விழுந்திருக்கு. ஏயை அமுக்கினேன், க்யூ விழுந்திருக்கு. கண்ணாடியும் போட்டுட்டுத்தான் இருக்கேன்."

விதாத் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த ஊர்ப் பக்கத்துக் கீபோர்டுகள் எல்லாம் பிரெஞ்சுக்காரர் வரிசை. விதாத் மட்டும் தன் வேலைக்கு வசதி என்று பையில் ஓர் அமெரிக்கக் கீபோர்டைச் சுமந்து திரிபவள். தீவில் அதைச் சொருகியபோது, 'இதுதான் உன் கீபோர்டு' என்று சர்வரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பட்டன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரம் பார்ப்பதில்லை. எந்த இடத்துப் பட்டன் என்றுதான் பார்க்கும். ஆக, ஜலீலாவின் விரலுக்கு அடியில் பிரெஞ்சு எழுத்து, சர்வரின் மண்டைக்குள் அமெரிக்க எழுத்து.

பெயரையாவது பார்த்துப் பார்த்துத் திருத்திவிடலாம். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் எதுவுமே தெரியாது. தவறினால் எந்த எழுத்தில் தவறியது என்று தெரியாது. இதை விளக்க விளக்க விதாத்தின் குரல் தேய்ந்தது.

"பொறு, பொறு," என்றார் ஜலீலா. "எக்ஸ்ரே படத்தைத் திருப்பிப் பிடிச்சா வலது கையும் இடது கையும் ஒண்ணுதான் மகளே. அதனாலதான் படம் எடுக்கறப்பவே பக்கத்துல ஈய எழுத்தை வச்சுருவோம், இது வலது, இது இடதுன்னு. என் கண்ணை நான் என்னைக்கும் நம்பினதில்ல, எழுத்தைத்தான் நம்புவேன். எந்தெந்தப் பட்டன் பொய் சொல்லுதுன்னு சொல்லு. அது மேல உண்மையை ஒட்டிடறேன்."

கத்தரிக்கோல் பிளாஸ்திரியை வெட்டும் சத்தம் கேட்டது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி. விதாத் தன் அமெரிக்கக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏ என்று எழுதியிருக்கும் பட்டனில் க்யூ. க்யூவில் ஏ. டபிள்யூவில் இசட், இசட்டில் டபிள்யூ. எம் மட்டும் வீடு மாறி, கமா பட்டனில் குடியிருந்தது. ஐந்து பிளாஸ்திரித் துண்டு, ஐந்து எழுத்து. மறுபடி பெயரை அடித்தார் ஜலீலா. திரையில் விதாத் என்றே விழுந்தது.

இரண்டு நாளாக, விஷயம் தெரியாதவர் தொணதொணக்கிறார் என்று தான் நினைத்த மனுஷி இவர்தானா என்று விதாத்துக்கு இருந்தது. அவள் அலுவலகத்தில் இருக்கிற ஐந்து பேரில் ஒருவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"இப்ப கடவுச்சொல்," என்றார் ஜலீலா. "சொல்லு."

சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி உண்டா என்று விதாத் யோசித்தாள். ஒன்றும் இல்லை.

"ஜே."

"ஜே."

"ஏ. எல். ஐ. எல். ஏ."

"இது என் பேரு!" ஜலீலாவின் குரல் குழைந்தது. "என் பேரையா வச்சே? அடி என் கண்ணே! என் பெத்த பொண்ணு அவ பூனைக்குட்டிக்குக்கூட என் பேரை வைக்கல."

"இன்னும் இருக்குக்கா. எஸ். ஏ. கே. கே. ஈ. ஆர்." விதாத்தின் குரல் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. "எஃப். ஓ..."

பட்டன் சத்தம் நின்றது.

"மிச்சத்தை நானே அடிச்சுக்கட்டுமா?" என்றார் ஜலீலா.

அவர்கள் பேச்சில் அதை முழுதாக எழுதினால், 'ஜலீலா, வாயை மூடு' என்று அர்த்தம்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அன்னைக்கு ஏதோ கோவத்துல..."

"எப்ப வச்சே இதை?"

"செவ்வாய்க்கிழமை. மூணு மணி இருக்கும்."

"மூணு மணி." ஜலீலா யோசித்தார். "சரிதான். மூணு மணிக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் பேசினேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருட்டறையின் நாலு சுவரும் சேர்ந்து சிரிப்பது போல அந்தச் சிரிப்பு போனில் எதிரொலித்தது. விதாத்துக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் இருட்டறைக் கதவு தட்டப்பட்டது. ஒரு பெண்ணின் பதறிய குரல். பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து மகள் விழுந்துவிட்டாள், கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள் என்றாள். ஜலீலாவின் குரல் நொடியில் மாறியது.

"விதாத், நான் போயே ஆகணும்."

"போங்கக்கா," என்றாள் விதாத். வேறு என்ன சொல்வது? மணி ஒன்பது இருபது.

போனைச் சர்வரின் தலையிலேயே வைத்துவிட்டுப் போனார். விதாத் அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது இருபத்தைந்து. ஒன்பது முப்பது. சுவருக்கு அப்பால் குழந்தை அழுவது மெல்லக் கேட்டது. இந்தக் குழந்தைக்கு இன்றைக்குக் கப்பல் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சர்வரும் இல்லாமல் போனால், காற்று நிற்கும்வரை இந்தக் கை இப்படியேதான். தன் ஒரு வரி அவசரத்துக்கு ஒரு பள்ளிப் பிள்ளை விலை கொடுக்கப்போகிறது.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ஜலீலா மூச்சு வாங்க வந்தார். "வந்துட்டேன். பேரு நூர்ஷென். பல்லைக் கடிச்சுக்கிட்டு அசையாம இருந்தா, தங்கம்."

"முறிஞ்சிருக்காக்கா?"

"டாக்டர் சொல்லுவார்," என்றார் ஜலீலா, பழக்கதோஷத்தில். அடுத்த கணம் எரிச்சலோடு, "நீயுமா? சரி, என்ன அடிக்கணும் சொல்லு. அந்தத் தாய் வாசல்ல நிக்குது," என்றார்.

வாயை மூடச் சொல்லும் கடவுச்சொல்லை முழுதாக அடித்தார் ஜலீலா. முதல் தடவை சர்வர் ஏற்கவில்லை. பிளாஸ்திரி ஒன்று நழுவியிருந்தது; அழுத்தி ஒட்டினார். இரண்டாவது தடவை ஏற்றது. விதாத் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் அடித்தார். வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு கதவைத் திறக்கும் ஒரே ஒரு வரி. அதற்கும் கடவுச்சொல் இன்னொரு முறை வேண்டும் என்றது சர்வர்.

"இன்னைக்குப் பூரா என்னை நானே திட்டிக்கணும் போலிருக்கு," என்று முணுமுணுத்தபடி அடித்தார். "ஏதோ வந்திருக்கு. விதி சேர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?"

விதாத் தன் திரையிலிருந்து சர்வரைக் கூப்பிட்டாள். ஒரு நொடி. இரண்டு நொடி. சர்வர் அவள் பெயரைச் சொல்லி உள்ளே வா என்றது.

"வந்துட்டேன்க்கா," என்றாள். "உள்ள வந்துட்டேன்."

"வா, வா. உன் வீடுதானே," என்றார் ஜலீலா.

மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. இம்முறை பத்து நிமிடக் காவலைப் போட்டுவிட்டு, வரிசை தவறாமல், ஷெஃபீக்குக்கான வழியையும் திறந்து, மற்றதை மூடினாள். பத்து மணிக்கு ஷெஃபீக் தூனிஸிலிருந்து சர்வரைக் கூப்பிட்டார். பதில் வந்தது. நிறுவும் வேலை ஆரம்பித்தது. சர்வர் இனித் தீவை விட்டுப் போகாது. விதாத் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதுவிட்டு வந்தாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள், அமிர்தமாக இருந்தது.

பன்னிரண்டேகாலுக்கு முதல் படம் கடல் தாண்டியது. நூர்ஷென் என்ற ஏழு வயதுப் பெண்ணின் இடது கை. இருபது நிமிடத்தில் ஸ்ஃபாக்ஸ் டாக்டரின் பதில் தீவுக்குப் போயிற்று. பன்னிரண்டு நாற்பதுக்கு ஜலீலா போன் செய்தார். பேச்சு தட்டுத் தடுமாறி வந்தது.

"மணிக்கட்டுக்கு மேல லேசான முறிவு. மூணு வாரம் மாவுக்கட்டு. இங்கயே போட்டுரலாம், கடல் தாண்ட வேணாம்னு எழுதியிருக்காங்க. நான் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு அந்தத் தாய்கிட்ட படிச்சேன் விதாத். முறிஞ்சிருக்கு, ஆனா சேர்ந்துரும்னு என் வாயால சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. அது என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்துச்சு. உனக்குச் சேர வேண்டியது அது. நீ நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும்."

"அக்கா, அதை என்கிட்ட சொல்லாதீங்க. நான்தான்..."

"நீ கொண்டுவந்து வச்ச மெஷின். சும்மா இரு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு ஷெஃபீக் அழைத்தார். நிதானமான மனிதர், குரலில் வேலை முடிந்த நிம்மதி.

"எல்லாம் சுத்தமா முடிஞ்சுது மேடம் விதாத். உங்க அமைப்பு அருமை. அறிக்கை எழுதிட்டிருக்கேன். ஒரே ஒரு குறிப்பு மட்டும் போடறேன், சர்வர் அறைக்குள்ள உள்ளூர் ஊழியர்களை விடக் கூடாதுன்னு."

"ஏன் ஷெஃபீக் சார்?"

"காலையில ஒன்பதரைக்குச் சும்மா ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். பதில் இல்ல. உங்க போன் பிஸி. மருத்துவமனைக்கே போன் போட்டேன். யாரும் எடுக்கலைன்னா பத்து மணிவரைக்கும் காத்திராம, தயாரில்லைன்னு எழுதிட்டு அடுத்த ஊரைப் பார்த்திருப்பேன். எக்ஸ்ரே அம்மா எடுத்தாங்க. 'தரையைத் துடைக்கறப்ப நான்தான் வயரைப் பிடுங்கிட்டேன், விதாத் போன்ல சொல்லிச் சொல்லி மாட்ட வைக்கிறா, பத்து நிமிஷம் பொறுங்க'ன்னு கெஞ்சினாங்க. வயர்தானேன்னு பொறுத்தேன். அந்தம்மா இனிமே அங்க போகாம இருக்கறது நல்லது."

ஒன்பதரை. குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அதற்கு நடுவில் அந்தப் போனையும் எடுத்து, பழியையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டன் தட்டியிருக்கிறார். தன்னை வாயை மூடச் சொன்னவளுக்காக.

"அந்தக் குறிப்பை எழுதாதீங்க," என்றாள். "அவங்க எந்த வயரையும் பிடுங்கல. நான்தான் பூட்டினேன். மூடற வரியை முதல்ல போட்டேன். பத்து நிமிஷக் காவலும் வைக்கல. கப்பல் ஓடல. அவங்கதான் சர்வர் முன்னால நின்னு, கீபோர்டு மாறிப் போயிருந்ததையும் சமாளிச்சு, எனக்கும் உங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டாங்க. தப்பு பக்கத்துல என் பேரை எழுதுங்க. எங்க முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

ஷெஃபீக் மூக்கால் சிரித்தார். "போன வருஷம் தெற்கே ஓர் ஊர்ல நானும் இதையே பண்ணேன். நானூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய்த் திறந்தேன். எனக்கு அங்க யாரும் கிடைக்கல." காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது. "குறிப்பை எடுத்துட்டேன். அந்த அறைக்குப் பொறுப்பாளர்னு ஒரு இடம் காலியா இருக்கு, அதுல அவங்களையே போட்டுரலாம். முழுப் பேர் என்ன?"

விதாத் வாயைத் திறந்தாள். தெரியவில்லை. இரண்டு நாள் ஜலீலாவின் கையால் சாப்பிட்டிருக்கிறாள். அவர் இவளுடைய அம்மா பெயர், தெரு, காபிக்கு எத்தனை சர்க்கரை என்பதுவரை கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். இவள் ஒன்றையும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, தீவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்க முழுப் பேர் என்ன?"

"எதுக்கு?" ஜலீலாவின் குரலில் பயம் தட்டியது. "அந்தத் தூனிஸ் ஆளு எதாவது சொன்னாரா? எழுதிட்டாரா? என் பேரைப் போட்டா போடட்டும் மகளே, நான் கிழவி, எனக்கென்ன. உன் பேரைப் போடலையே?"

"போட்டுட்டார்க்கா. எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்."

"அடிப் பைத்தியமே! நான் எவ்வளவு அழகா ஒரு பொய்யைச் சொல்லி வச்சேன்!"

"ரொம்ப அழகான பொய்தான்க்கா. அதுக்குத்தான் பேர் கேக்கறேன். நன்றின்னு சொல்லணும்னு காலையிலேருந்து தவிக்கிறேன். யாருக்குச் சொல்றேன்னு முழுசா தெரிஞ்சுகிட்டுச் சொல்லணும்."

ஜலீலா, அரசாங்க அலுவலகத்தில் சொல்வது போல நிமிர்ந்த குரலில், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் குடும்பப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விதாத் அதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் அந்த முழுப் பெயரைச் சொல்லி, அவருக்கு நன்றி சொன்னாள்.